காட்டுப்பள்ளியும் காப்பு நிலத்தில் கட்டுமான அனுமதியும்

காட்டுப்பள்ளி என்பது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் வங்கக் கடலை ஒட்டி அமைந்துள்ள ஊராகும். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, நீண்டு ஒடுங்கிய மணல்திட்டின் மீது இது அமைந்துள்ளது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். இரு பக்கமும் நீர் சூழ்ந்த இந்நிலம் கடற்கரை, மணல்மேடு, சேற்றுவெளி, அலையாத்திப் புதர், உப்பளம், மீனவர் குப்பம் ஆகியவற்றால் ஆனது. அதே நிலத்தில்தான் துறைமுகமும், கப்பல் கட்டும் தளமும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அமைந்துள்ளன.

சட்டத்தால் காக்கப்பட்ட நிலத்தில் வீடோ தொழிலகமோ கட்ட அனுமதி பெறுவது எப்படி, அனுமதியை யார் தருகிறார், யார் மறுக்கிறார், அனுமதி தவறினால் இழப்பு யாருக்கு என்னும் கேள்விகளுக்குக் காட்டுப்பள்ளி பகுதி தெளிவான எடுத்துக்காட்டாக உள்ளது. இக்கட்டுரை அப்பகுதியை முன்வைத்து அனுமதி முறையை விளக்குகிறது.

நிலத்தின் இயல்பு

காட்டுப்பள்ளி மணல்திட்டு, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே உள்ள இயற்கைத் தடுப்பாகும். புயல் அலையைத் தாங்குவதும், மழைநீரை மணலில் தேக்கி நன்னீர் ஊற்றாக வைத்திருப்பதும் இதன் பணிகள். மேற்கே உள்ள சேற்றுவெளியும் கழியும் வேறொரு பணியைச் செய்கின்றன. கடல் ஓதம் ஏறும்போது உப்புநீர் உள்ளே பரவுகிறது, இறங்கும்போது வெளியேறுகிறது. இறால், நண்டு, மடவை முதலியன குஞ்சுப் பருவத்தில் வளர்வது இந்த ஆழமற்ற நீரில்தான். மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் கடல் சேரும் முன் பரந்து நிற்பதும் இங்கேதான். ஆகவே இவ்விடத்தை மண்ணிட்டு உயர்த்தினால், அங்கே நின்றிருக்க வேண்டிய நீர் அருகிலுள்ள தாழ்ந்த ஊர்களுக்குச் செல்லும்.

தமிழகக் கடற்கரையின் இப்பகுதியில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினால் அதன் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டதும் இதனாலேயே. காட்டுப்பள்ளிக்கு வடக்கே மணல்திட்டு மேலும் குறுகிச் செல்வதால், அங்கே அரிப்பு மிகுந்தால் கடலும் உப்பங்கழியும் ஒன்றாகிவிடும் என்ற அச்சம் மீனவர்களிடையே உள்ளது.

கழியை நம்பி வாழ்வோர் இரு வகையினர். கடலிலும் கழியிலும் படகு கொண்டு மீன்பிடிப்போர் ஒரு வகையினர். பழவேற்காடு பகுதியில் எந்த ஊரார் எந்த நாளில் எங்கே வலையிட வேண்டும் என்பதை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் மரபு நெடுங்காலமாக உள்ளது. மற்றொரு வகையினர் இருளர். அவர்கள் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள். இவர்களில் பலருக்குத் தொழில் செய்யும் நீர்ப்பரப்பின் மீது பட்டா கிடையாது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது புறம்போக்காகவே உள்ளது.

தொழிற்பகுதியாக மாறிய வரலாறு

எண்ணூரை ஒட்டி அனல்மின் நிலையங்கள் எழுந்த பின், 2001இல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே சுமார் 24 கி.மீ. தொலைவிலுள்ள இத்துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. இது மீஞ்சூர் ஆலை என்றே அறியப்படுகிறது.

லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து முன்வைத்த கப்பல் கட்டும் தளம் மற்றும் சிறு துறைமுகத் திட்டத்துக்கு 2009இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. இதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. நிலம் கொடுத்ததற்கு ஈடாக நிரந்தர வேலை வேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் பின்னரும் பல முறை போராட்டங்களில் முன்வைத்தனர். துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கியது. 2018இல் அதன் உடைமை அதானி குழுமத்துக்கு மாறியது.

அதன் பின் துறைமுக விரிவாக்கத்துக்கான திருத்திய திட்டம் முன்வைக்கப்பட்டது. சுமார் 330 ஏக்கராக இருந்த துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு மேல் விரிப்பதும், ஆண்டுக்கு 2.465 கோடி டன்னாக இருந்த சரக்குத் திறனை 32 கோடி டன்னாக உயர்த்துவதும் திட்டத்தின் நோக்கம். மதிப்பீடு சுமார் ரூ.53,000 கோடி. இந்த நிலத்தில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலை நிரப்பி உருவாக்கப்பட வேண்டியது. எஞ்சியதில் பெரும்பகுதி அரசு நிலமும் தனியார் நிலமும் ஆகும்.

இத்திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 சனவரி 22ஆம் நாளுக்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் 2023 செப்டம்பர் 5ஆம் நாளுக்கு அறிவிக்கப்பட்டு அதுவும் தள்ளிப்போனது. இவ்வகைத் திட்டத்தில் கருத்துக்கேட்பு முடியாமல் இறுதி அனுமதியைப் பெற இயலாது. ஆகவே ஒரு கூட்டம் நடப்பதும் நடவாததும் திட்டத்தின் போக்கையே தீர்மானிப்பதாக அமைந்தது.

‘காக்கப்பட்ட நிலம்’ என்றால் என்ன?

இங்கிலாந்தில் பெருநகரங்களைச் சுற்றிப் ‘பசுமை வளையம்’ என்ற ஒரே பெயரில் காப்பு நிலம் வரையறுக்கப்பட்டுள்ளது. 1938இல் இலண்டனைச் சுற்றித் தனிச்சட்டம் வந்தது. 1947ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் 1955ஆம் ஆண்டின் அரசுச் சுற்றறிக்கையும் அம்முறையை நாடு முழுதும் பரப்பின. அவ்வளையத்துக்குள் வீடு கட்ட விரும்புவோர், மிகவும் தனிப்பட்ட சூழ்நிலை இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். 2024 டிசம்பரில், வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, வளையத்தின் குறிக்கோளுக்குப் பெரிதும் உதவாத பகுதிகளைச் ‘சாம்பல் வளையம்’ எனப் பிரித்து அங்கே கட்டுமானத்தை எளிதாக்கினர்.

தமிழ்நாட்டில் அவ்வாறு ஒரே பெயரும் ஒரே எல்லையும் கொண்ட காப்பு நிலம் கிடையாது. ஒரே புல எண் மீது பல சட்டங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அவற்றுள் முதன்மையானவை பின்வருவன.

முதலாவது, வருவாய்ப் பதிவேடு. நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, மேய்ச்சல் புறம்போக்கா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதை ‘அ’ பதிவேடும் அடங்கலும் காட்டும்.

இரண்டாவது, நகர் ஊரமைப்பு. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் வகுக்கப்பட்டு, நிலம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி எனப் பகுக்கப்படுகிறது. சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நீர்ப்பிடிப்புப் பகுதி, நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்புப் பகுதி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

மூன்றாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991இல் முதல் அறிவிக்கை வந்தது. 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் வெளியாயின.

நான்காவது, ஈரநிலம். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், அவற்றின் கீழ் வரும் ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்கின்றன. கடந்த 10 ஆண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானமும் கூடாது.

ஐந்தாவது, காடும் காட்டுயிரும். காப்புக்காடு, சரணாலயம் ஆகியவற்றுக்கு வனச் சட்டங்கள் பொருந்தும். பழவேற்காடு பறவைகள் சரணாலயம் இவ்வகையைச் சேர்ந்தது.

இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு அலுவலகம் கவனிக்கிறது. ஓர் அலுவலகம் தன் அடுக்கை மட்டுமே பார்த்து ‘தடையில்லை’ என்று எழுதித் தரும். அதை முழு அனுமதி என்று நினைப்பதே பல சிக்கல்களின் தொடக்கமாகும்.

கடலோர மண்டலத்தின் பிரிவுகள்

2011ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, கடலோரத்தில் உயர் ஓதக்கோட்டிலிருந்து நிலப்புறம் 500 மீட்டர் வரை கடலோர மண்டலமாகும். ஓதம் ஏறும் ஆறு, கழி ஆகியவற்றின் கரையில் 100 மீட்டர் அல்லது அந்நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அது எல்லையாகும். 2019 அறிவிக்கை இந்த 100 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது.

மண்டலம் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறது. அலையாத்திக்காடு, மணல்மேடு, சேற்றுவெளி, உவர்ச் சதுப்பு, ஆமை முட்டையிடும் இடம் போன்ற நுண்ணிய சூழலுள்ள இடங்களும், உயர் ஓதக்கோட்டுக்கும் தாழ் ஓதக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியும் முதற்பிரிவில் அடங்கும். ஏற்கெனவே நகரமான கரைப்பகுதி இரண்டாம் பிரிவு. ஊரகக் கரைப்பகுதி மூன்றாம் பிரிவு. நீர்ப்பரப்பு நான்காம் பிரிவு. இது கடலில் 12 கடல் மைல் வரை நீள்கிறது.

மூன்றாம் பிரிவில் கடற்கரையிலிருந்து முதல் 200 மீட்டர் ‘வளர்ச்சித் தடைப் பகுதி’ ஆகும். 2019 அறிவிக்கை இதைத் தளர்த்தியது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஒரு சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் தடைப்பகுதி 50 மீட்டர். மற்ற ஊர்களில் 200 மீட்டர்.

முதற்பிரிவில் வீடு கட்ட வழியில்லை. ஆயினும் துறைமுகம், படகுத்துறை போன்ற, நீர்முகப்பு இன்றி இயங்க முடியாதவற்றுக்கு அறிவிக்கையில் விதிவிலக்குகள் தரப்பட்டுள்ளன. கடலை நிரப்பி நிலமாக்குவது பொதுவாகத் தடை செய்யப்பட்டிருந்தும், துறைமுகத்துக்கு அத்தடையில் விலக்கு உண்டு. ‘எது நீர்முகப்பு இன்றி இயங்காதது?’ என்பது இங்கு முக்கியக் கேள்வியாகிறது. கப்பல் அணையும் மேடைக்கு நீர்முகப்பு தேவை. கிடங்கும் தொழிற்பூங்காவும் உள்நாட்டிலும் அமையலாம். துறைமுகத்தின் பெயரில் எவ்வளவு நிலம் கேட்கலாம் என்ற விவாதம் இங்கிருந்தே எழுகிறது.

வரைபடம் தீர்மானிக்கும் காப்பு

ஒரு நிலம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை நேரில் பார்த்து முடிவு செய்வதில்லை. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடமே முடிவு செய்கிறது. மாநில அரசு தயாரிக்கும் இவ்வரைபடத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தர வேண்டும்.

எண்ணூர்க் கழி தொடர்பான சர்ச்சை இதன் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிப்பரப்பு கட்டுமானத் தடைப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது என்றும், பின்னர் வந்த வரைபடத்தில் அக்கழி மறைந்துபோனது என்றும் மீனவர் அமைப்புகளும் சூழலியல் ஆர்வலர்களும் குற்றஞ்சாட்டினர். தகவல் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற ஆவணங்களை அவர்கள் சான்றாக முன்வைத்தனர். வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றன.

கழியில் நீர் நிற்பதும் ஓதம் ஏறுவதும் எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வரைபடத்தில் அது இல்லையெனில், சட்டத்தின் பார்வையில் அது கட்டுமானத்துக்கு உரிய வெற்று நிலமாகிவிடும். எனவே வரைபட வரைவு வெளியாகும் காலமே மக்கள் தலையிட வேண்டிய முதல் கட்டமாகும். திட்டம் வந்த பின் எதிர்ப்பதைவிட, வரைவு நிலையில் புல எண்ணுடன் ஆட்சேபணை தருவது பயனுள்ளது.

சுற்றுச்சூழல் அனுமதியின் படிகள்

2006 செப்டம்பர் 14ஆம் நாள் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெருந்திட்டங்களுக்கு நான்கு படிகளை வகுத்தது.

1. தெரிவு: திட்டத்துக்கு மதிப்பீடு தேவையா எனப் பார்த்தல்.
2. ஆய்வெல்லை: எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என வல்லுநர் குழு வரையறுத்தல்.
3. பொதுமக்கள் கருத்து: வரைவு அறிக்கையை வெளியிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழி கூட்டம் நடத்துதல்.
4. மதிப்பாய்வு: இறுதி அறிக்கையை ஆராய்ந்து, ஏற்கவோ மறுக்கவோ பரிந்துரைத்தல்.

காட்டுப்பள்ளி விரிவாக்கம் போன்ற பெரிய துறைமுகத் திட்டம் மத்திய அமைச்சகத்தின் வரம்பில் வருகிறது. அதற்கு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையும் தேவை.

வீட்டுத் திட்டங்களுக்கு அளவுகோல் வேறு. மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்த அனுமதி தேவை. 1,50,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பையோ 50 எக்டேர் நிலத்தையோ எட்டினால் அது நகரியத் திட்டமாகக் கருதப்படும். இவற்றை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஆராய்கிறது. ஆனால் கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தரப்பட்டுள்ளது. ஆயிரம் வீடுகள் கொண்ட அடுக்குமாடித் தொகுதி ஈரநிலத்தின் ஓரத்தில் எழுவதை, அடித்தளம் தோண்டும்போதுதான் பக்கத்து ஊரார் அறிய நேர்வது இதனால்தான்.

வீடு கட்ட அனுமதி பெறும் முறை

கடலோர ஊரிலோ ஈரநிலம் அருகிலோ வீடு கட்ட விரும்புவோர் செல்ல வேண்டிய வழி பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

முதலில் பட்டா, மூல ஆவணம், வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவற்றைப் பெற்று, ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகையைச் சரிபார்க்க வேண்டும். பட்டா இருப்பதாலேயே கட்டும் உரிமை வந்துவிடாது. பட்டா உடைமையைக் காட்டும். பயன்பாட்டை முழுமைத் திட்டமும் பிற சட்டங்களும் தீர்மானிக்கும்.

அடுத்து, அந்தப் புல எண் முழுமைத் திட்டத்தில் எவ்வகைப் பயன்பாட்டில் உள்ளது எனப் பார்க்க வேண்டும். வேளாண் நிலமாக இருந்தால் நிலப் பயன் மாற்றம் தேவை. திட்டம் வகுக்கப்படாத பகுதிகளுக்கு 2017ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி விதிகள் வந்தன.

மூன்றாவதாக, கடலோர மண்டல வரைபடத்தில் நிலத்தின் பிரிவு, உயர் ஓதக்கோட்டிலிருந்து தொலைவு, ஈரநில எல்லை, சரணாலய எல்லை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் நீர்வளத் துறையின் வெள்ளப்பாதிப்புச் சான்றும் பெற வேண்டும்.

இவற்றின் பின்னரே திட்ட அனுமதிக்கான விண்ணப்பம். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதற்குப் பொறுப்பு. 1,189 சதுர கி.மீ.யாக இருந்த பெருநகர எல்லையை 5,904 சதுர கி.மீ.யாக விரித்து 2022இல் அரசு ஆணையிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும் பகுதிகள் இதற்குள் வந்தன. கட்டடத்தின் உயரம், பக்க இடைவெளி, தளப்பரப்பு ஆகியவற்றை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. திட்ட அனுமதிக்குப் பின் உள்ளாட்சி அமைப்பு கட்டட உரிமம் தரும்.

வீடுகளை விற்கும் நிறுவனமாயின், நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் 8க்கு மேலோ இருந்தால், மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். இப்பதிவு வாங்குவோரின் ஒப்பந்த உரிமையைக் காக்கும். சுற்றுச்சூழல் அனுமதிக்கு அது மாற்றாகாது.

மீனவர் வீடுகள்

கடலோரச் சட்டங்களின் நோக்கங்களுள் ஒன்று மீனவர் வாழ்வைக் காப்பது. ஆனால் நடைமுறையில் வீடு கட்டுவதற்கு அதிகம் இடர்ப்படுவோரும் அவர்களே. தொழிலுக்காகக் கரையோரம் வாழும் அவர்களின் ஊர்கள் பெரும்பாலும் தடைப்பகுதிக்குள் உள்ளன.

2011 அறிவிக்கை சில வழிகளைத் திறந்தது. உயர் ஓதக்கோட்டிலிருந்து 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே, மாநில அரசு வகுக்கும் விரிவான திட்டத்தின்படி மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோர மக்களின் வீடுகளை அனுமதிக்கலாம். 200 மீட்டருக்கு அப்பால், மரபுரிமை உள்ளவர்கள் 9 மீட்டர் உயரத்துக்கு மிகாமல், தரைத்தளமும் ஒரு மேல்தளமும் கொண்ட வீடு கட்டலாம். மீனவ ஊர்கள், வலை காயவைக்கும் இடம், மீன் உலர்த்தும் களம் ஆகியவற்றைப் புல எண் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும். அவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அவ்வறிவிக்கை கூறுகிறது.

இக்கடைசி விதியே மிக முக்கியமானது. திட்டம் வகுக்கப்படாத ஊரில், மகனுக்குத் திருமணமாகித் தனி வீடு தேவைப்படும்போது அதற்குச் சட்டப்படியான இடம் இல்லை. அனுமதியின்றிக் கட்டினால் அது ஆக்கிரமிப்பு. கட்டாமல் வெளியேறினால் கடல் தொலைவாகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் தமிழக அரசு வெளியிட்ட ஆணை, 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் இடம்பெயர்ந்தால் புதிய வீடு தருவதாகவும், அங்கேயே தங்க விரும்பினால் வீட்டுக்கு அரசு உதவி இல்லை என்றும் கூறியது. பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட இந்த நிபந்தனை, கரையைக் காலி செய்யும் வழியாகிவிடுமோ என்ற ஐயத்தையும் எழுப்பியது. மீனவர் விட்டுச் சென்ற கரையில் பின்னர் எது வரும் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. குப்பம் இடம்பெயர்ந்து துறைமுகம் எழுந்த காட்டுப்பள்ளியில் அக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு.

அனுமதி இருந்தும் இழந்தவர்கள்

ஓர் அலுவலகத்தின் அனுமதி மட்டும் போதாது என்பதற்குக் கேரளத்தின் மரடு வழக்கு எடுத்துக்காட்டாகும். கொச்சியை அடுத்த மரடில் உள்ளாட்சி அமைப்பு 2006இல் தந்த அனுமதியை நம்பி, உப்பங்கழிக் கரையில் அடுக்குமாடித் தொகுதிகள் கட்டப்பட்டன. கடலோர மண்டல ஆணையத்தின் இசைவு பெறப்படவில்லை. 2019 மே 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் நான்கு தொகுதிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீடு வாங்கியோருக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா ரூ.25 லட்சம் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்கியோர் முறையாகப் பத்திரம் பதிந்து, வங்கிக் கடன் பெற்று, வரியும் செலுத்தி வந்தவர்கள்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மற்றொரு எடுத்துக்காட்டு. 2022இல் 1,247 எக்டேர் பரப்பு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் எல்லைக்குள் வரும் புல எண்கள் எவை என்பதைக் களத்தில் அளந்து உறுதிசெய்யும் பணி உடனே முடியவில்லை. இந்த இடைவெளியில், பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு 2025 தொடக்கத்தில் அனுமதிகள் கிடைத்தன. அந்நிலம் ராம்சார் எல்லைக்குள் வருவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அளவீடு முடியும்வரை எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. தொலைவுக்கும் புதிய அனுமதி தரக்கூடாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் கூறியது. அக்டோபர் இறுதியில் அத்திட்டத்தின் கட்டுமானத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எல்லை தெளிவாக இல்லாததன் விளைவை, விதிப்படி வீடு கட்டக் காத்திருந்த அப்பகுதிச் சிறு மனை உரிமையாளர்களும் சேர்ந்து சுமக்க நேர்ந்தது.

கட்டி முடித்தபின் அனுமதி கோரும் வழக்கமும் உண்டு. முன் அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னேற்பாக அனுமதி தருவதை 2025 மே 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், மூவர் அமர்வு இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு அவை பொருந்தா.

ஆட்சேபணையும் மேல்முறையீடும்

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்போர், அனுமதி தெரியவந்த 30 நாள்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள்கள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதன் பின் வழியில்லை. ஆகவே அனுமதி ஆவணங்கள் வெளியாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தைத் தொடர்ந்து கவனிப்பது அவசியமாகிறது.

நகர் ஊரமைப்புச் சட்டம் இத்தீர்ப்பாயத்தின் அட்டவணையில் இல்லை. எனவே திட்ட அனுமதியை மட்டும் எதிர்ப்பதாயின் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஒரே கட்டடத்தை எதிர்க்க இரண்டு மன்றங்களில் வாதாட நேர்வது இதனாலேயாகும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு கருத்தும் பதிவாக வேண்டும். இறுதி அறிக்கையில் அதற்கு விடை தரப்பட வேண்டும். எழுத்து மூலமும் கருத்துத் தரலாம். ‘திட்டம் வேண்டாம்’ என்பதைவிட, ‘இந்தப் புல எண்ணில் ஓதம் ஏறுகிறது, அறிக்கை இதைத் தரிசு என்கிறது’ என்பது போன்ற குறிப்பான கூற்றுக்கு விடையளிக்காமல் கடப்பது கடினம். கழியில் நாள்தோறும் இறங்குவோரின் அறிவு இங்கே சான்றாகிறது.

இரு தரப்பு நியாயங்கள்

காப்பு நிலத்தில் கட்டுமானம் கேட்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கும்மிடிப்பூண்டி, மணலி, மீஞ்சூர், எண்ணூர் வட்டாரத்தில் தொழில் வளர்கிறது. தொழிலாளர்க்கு வீடு தேவை. நகருக்குள் நிலம் விலையேறிவிட்டது. துறைமுகம் வேலையும் ஏற்றுமதியும் தரும் என்பதும் அவர்கள் வாதம்.

மறுபுறம், மண்ணிட்டு மூடிய கழியை மீட்பது மிகவும் கடினம். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியது, தொழிலகங்களும் வெள்ளமும் கழியும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளன என்பதைக் காட்டியது. படகும் வலையும் எண்ணெய் படிந்து கிடக்க, மீனவர்கள் தொழிலின்றி நின்றனர். தாழ்நிலத்தில் கட்டிய புதிய வீடுகளுக்கும் வெள்ளம் வரும். அங்கே குடியேறுவோர் பெரும்பாலும் குறைந்த விலைக்கு வீடு தேடி வந்தவர்கள். ஆகவே இச்சிக்கலை ‘வளர்ச்சியா, சூழலா’ என்று மட்டும் பார்ப்பது முழுமையாகாது. ஒரு தரப்புக்கு நிலமதிப்பு உயரும்போது, இன்னொரு தரப்பு தொழிலை இழக்கிறது. மூன்றாவது தரப்பு வெள்ளத்தை விலைக்கு வாங்குகிறது.

ஈரநிலம், கடலோரம், முழுமைத் திட்டம், வருவாய்ப் பதிவு ஆகிய அடுக்குகளை ஒரே வரைபடத்தில் புல எண்ணோடு இணைத்து எவரும் பார்க்கும்படி வெளியிடுவது, மீனவ ஊர்களின் வீட்டுத் திட்டத்தை முதலில் வகுப்பது, பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கும் உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்பது ஆகியவை இத்துறையில் முன்வைக்கப்படும் தீர்வுகளாகும். எந்த நிலத்தில் கட்டக்கூடாது என்பது முன்கூட்டியே தெளிவாக இருந்தால், எங்கே கட்டலாம் என்பதும் தெளிவாகும். வீடு தேடுவோர்க்கும், கட்டுவோர்க்கும், கழியை நம்பி வாழ்வோர்க்கும் அத்தெளிவு ஒருங்கே பயன் தரும்.